செலவு: ஒன்று

வங்கி கொடுத்தது இரட்டைக் குழல்.
இடுப்பு வாரில் பன்னிரண்டு தோட்டா:
ஆறு எல்.ஜி., ஆறு நாலாம் நம்பர்.
நாலாம் நம்பர் கொக்குக்கும் காடைக்கும்.
அதை எதற்கு வங்கி வாங்கியதென்று
பதினோரு வருஷமாக நான் கேட்டதில்லை.
விலை குறைவு, வேறென்ன.

கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடந்தது.
பணவண்டிக்கு முன்னால் வரிசையாக டேங்கர்கள்.
அவற்றுக்கு நடுவில்
தனபாக்கியத்தின் எருமை,
பின்னிடுப்பு நசுங்கி.
முன்கால் இரண்டும் எழுந்து நின்றன, மடிந்தன,
மறுபடி எழுந்தன.
பின்பாதிக்கு நடந்தது
முன்பாதிக்கு இன்னும் தெரியவில்லை.

வேப்பேரியிலிருந்து டாக்டர் கிளம்பிவிட்டாராம்.
ஒரு மணி நேரமாகக் கிளம்பிக்கொண்டே இருந்தார்.

"கையில துப்பாக்கி வச்சினு இன்னா வேடிக்கை?
போட்டுடு நைனா."

தனபாக்கியம் வாய் திறக்கவில்லை.
அதன் கண்ணோரத்து ஈயை
முந்தானையால் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டாளத்தில் இருந்தபோது ஒரு கடமான்.
வடகிழக்கில், ரேஷன் பருப்பு சலித்த மாதம்.
பித்தளை போர்த்திய ராணுவத் தோட்டா
மனிதனைக் கிடத்தச் செய்தது;
மானுக்குள் ஊசியாக நுழைந்து
ஊசியாகவே வெளியேறும்.
முன்னங்கால் மடிப்புக்குப் பின்னே, மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்
நெஞ்சு இருக்கிறது என்று தெரியும்.
அது பக்கவாட்டில் திரும்பும்வரை பொறுக்க வேண்டும் என்றும் தெரியும்.
பொறுக்கவில்லை.
வயிற்றில் பட்டது.
மூங்கில் இலைகளில் பச்சை கலந்த ரத்தம்.
இருட்டும்வரை தேடினோம்.
"எங்கேயாவது செத்திருக்கும்" என்றார் ஹவில்தார்.
எங்கே என்பதுதான்
முப்பது வருஷமாக.

"இறங்காதே, ரூல்ஸ்" என்றார் வண்டி டிரைவர்.
இறங்கினேன்.

நெற்றிக்கு நேராகக் குழலைக் கொண்டுபோனேன்.
ஒரு கை அதை ஒதுக்கியது.
புளியந்தோப்பு தொட்டியில் வேலை செய்யும் யாசின் பாய்,
ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர்,
சட்டையில் இன்னும் டெட்டால் வாசம்.
"நெத்தி பசுமாட்டுக்குண்ணே.
எருமைக்கு அங்க எலும்பு ரெண்டடுக்கு.
கொம்புக்குப் பின்னால, வாயைப் பாத்து."

வாயைப் பார்த்தேன்.
வாய்க்கு நேரே பன்னிரண்டாயிரம் லிட்டர் பெட்ரோல்.

டேங்கரை நகர்த்தச் சொன்னால்
நாமக்கல் டிரைவர் ஸ்டியரிங் மேல் தூங்குகிறார்.
எழுப்பி, திட்டு வாங்கி,
பின்னால் நிற்கும் ஒன்பது வண்டியும் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி.
தார் ரோடு குண்டைத் திருப்பி அடிக்கும்.
மெட்ரோ வாட்டர் பள்ளத்து மணலைப்
பையன்கள் சட்டியில் அள்ளி வந்து
தாடைக்குக் கீழே கொட்டினார்கள்.
இருபது நிமிஷம்.
கூட்டம் என்னைக் கோழை என்றது.
இன்னொரு வார்த்தையும் சொன்னது.
அந்த இருபது நிமிஷமும் அது மூச்சு விட்டது,
ஒவ்வொன்றையும் நான் கேட்டேன்.
அதற்கும் கணக்கு என்னிடம்தான்.

இரண்டு குழலிலும் எல்.ஜி.
ஒன்று வேலைக்கு,
ஒன்று நான் தவறினால்.
யாசின் பாய் அதன் காதைப் பிடித்துக் குனிந்து
என்னவோ முணுமுணுத்தார்.
தனபாக்கியத்தைப் போகச் சொன்னேன்.
போகவில்லை.
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.
சாண் தூரம்.

முன்கால்கள் மடிந்தன.
பிறகு எழவில்லை.

யாசின் பாய் விரலால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார்.
இமை அசையவில்லை.
இரண்டாவது தோட்டாவைக் கழற்றி
வாரில் செருகினேன், சூடில்லாமல் இருந்தது.
கேட் திறந்திருந்தது எப்போதோ.
பின்னாலிருந்து ஹாரன்.

மறுநாள் வங்கியில் ஒரு பாரம்.
"யார் மீது சுடப்பட்டது" என்றொரு கட்டம்.
எருமை, பெண், வயது தெரியாது என்று எழுதினேன்.
செலவு: ஒன்று.
துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள்,
என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர், டீ வாங்கித் தந்தார்.
ரெஜிஸ்டரைப் புரட்டியபடி கேட்டார்:
"நாலாம் நம்பர் ஆறு சும்மா இருந்ததே, அதைப் போட்டிருக்கலாமே?
ஆடிட்ல இது விலை ஜாஸ்தி."

டீ சுட்டது.
ஊதிக்கொண்டிருந்தேன்.
மூங்கிலில் ஆரம்பிப்பதா, மணலில் ஆரம்பிப்பதா என்று.