பன்னிரண்டாவது போல்ட்

டொங்காட் பட்டறையைப் பெருக்கும்போது
துடைப்பத்தில் சிக்கியது ஒரு நட்டு.
புதுசு. எண்ணெய்ப் பளபளப்பு போகவில்லை.

காலையில்தான் போனது அந்த வெள்ளை வேன்,
பிரகாசன் படையாச்சி, சலோஷினி, மகள்,
டிராக்கன்ஸ்பெர்க் பனி பார்க்க.
அதன் தகரத் தலையை அறுத்தவன் நான்.
விலா எலும்பு இரண்டை வெட்டினேன்,
ஈடாக எஃகுச் சட்டம் பற்றவைத்தேன்,
பசை காய முழு நாள் விட்டேன்.
அரை நாள் போதாதா என்று கேட்டார் பிரகாசன்.
மேல்படுக்கையில் நான்கு மணல் மூட்டை
ராத்திரி முழுக்கக் கிடந்தது.
சோதனைக்காரர் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக்
கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் சரி.
உள்ளங்கையில் நட்டு.

போன் போட்டேன். மூயி ரிவர் சுங்கச்சாவடி கிட்ட.
"ஓரங்கட்டுங்க, லாரிக் காத்து அடிக்காத இடமா."
மகள்தான் மேலே ஏறினாள்.
முடுக்கி முடித்த ஒவ்வொன்றிலும்
மஞ்சள் கோடு இழுப்பது என் வழக்கம்.
கோட்டை எண்ணு என்றேன்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே எண்ணினாள்.
பதினொன்று.
"அடுத்தது?"
"அடுத்தது ஓட்டை அங்கிள்.
அதுல மேகம் போகுது."

கூரையை இறக்கிப் பூட்டச் சொல்லிவிட்டு
ஸ்பேனர், போல்ட், வாஷர், பசைக் குழாய்,
பெருக்கியது பாதியில் கிடக்க
நெடுஞ்சாலை ஏறினேன்.
கியர் மாற்றும்போதெல்லாம்
சட்டைப்பையில் அது புரண்டது.

போய்ச் சேர்ந்தபோது இருட்டு.
சலோஷினி நீட்டிய டீ ஆறியது.
முடுக்கினேன், தொங்கிப் பார்த்தேன்,
மறுபடி முடுக்கினேன்.
மஞ்சள் பெயிண்ட் எடுத்து வரவில்லை.

மகளிடம் நகப்பூச்சு இருந்தது.
பன்னிரண்டாவது கோடு மட்டும்
ஊதா.