அரைப்புள்ளி

காரைக்குடி கல்லுக்கட்டியில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் கம்ப்யூட்டர்.
கும்பாபிஷேக வரிக்காக
கண்டனூர்ப் புள்ளிப் பட்டியல் டைப்படிக்க வந்தது,
பக்கத்துக்கு நாற்பது பேர்.

புள்ளி என்றால் அவர்களுக்கு ஓர் ஆள் இல்லை.
கணவனும் மனைவியும் சேர்ந்து ஒன்று.
கல்யாணமாகாத பையன்
எத்தனை உயரம் வளர்ந்தாலும் கணக்கில் இல்லை.
எனக்கு இருபத்தொன்பது.
நான் அந்தச் சாதியும் இல்லை,
ஆனாலும் ஒரு நொடி கை நின்றது.

பள்ளியில் சொல்லித் தந்தது வேறு.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும்; வெறும் மெய்.
'ட்' என்று தனியாகச் சொல்லிப் பாருங்கள்,
நாக்கு மாட்டிக்கொள்ளும்.
அங்கே புள்ளி தனிமை, இங்கே ஜோடி.
ஒரே சொல் எப்படி இரண்டு வீட்டிலும் குடியிருக்கிறது
என்று யோசித்தபடி ஐந்நூறு பேரைத் தாண்டினேன்.

பழைய ஃபான்ட்டை மாற்றியதில்
முதல் புரூஃபில் எல்லாப் புள்ளியும் உதிர்ந்துபோனது.
கணடனூர.
பொருளாளர் சாத்தப்பன் தன் பெயரையே
'சாததபபன' என்று வாசித்துவிட்டு,
"ஊரே கொழும்புக்குக் குடிபோயிருச்சா?" என்றார்.
ஓலையில் எழுதியவர்கள், கிழியும் என்று பயந்து
புள்ளியே வைக்க மாட்டார்களாம்.
வாசிப்பவர் மனசுக்குள் வைத்துக்கொள்ள வேண்டியது.

சனிக்கிழமை ஹெல்மெட்டோடு மாடியேறி வந்தார் தேனம்மை.
வரிசை எண் 612.
பெயருக்கு நேரே நான் அடித்திருந்தது ½.
"அவுக போயி எட்டு மாசம். கோயில் கணக்குல நான் பாதி.
கரண்ட் பில்லு மட்டும் முழுசா வருது."
முழு வரியையும் மேசையில் வைத்தார்.

பொருளாளருக்கு போன் போட்டேன்.
சற்று நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.
"பாதியை வரியில எழுது,
மீதியை நன்கொடையில எழுது."
அதை நான் சொன்னதும்
சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை.

படியில் இறங்கப்போனவர் திரும்பிக் கேட்டார்:
"உன் மெஷின்ல அரைப்புள்ளி இருக்கா?"

இருக்கிறது. சுண்டு விரல் எட்டும் தூரத்தில்.
மேலே ஒரு பொட்டு, கீழே வால் முளைத்த இன்னொன்று.
வாக்கியம் முடியாதபோது போடுவது.

அச்சாகி வந்த புத்தகத்தில்
612. தேனம்மை ;
என்றிருக்கிறது.
பொருளாளர் கண்ணில் படவில்லை.
அல்லது பட்டது.