இடுப்பில் வைத்த பஞ்சு

சனிக்கிழமை இரவு, வடக்கு செயின்ட் லூயிஸ்.
காசு போட்டுத் துவைக்கும் கடையில்
பதினான்காம் எந்திரம் மறுபடி பழுது.
உலர்த்திகளுக்கு மேலே தொங்கும் டிவியில்
பூப்போட்ட கவுனில் வருகிறான் எங்கள் ஆள் ஒருவன்,
ஆறடி மூன்றங்குலம்.
பொய்மார்பு முதலில் வந்தது,
பிறகு அவன்.

கிளியோட்டிஸ் சட்டையை உதறியபடி ஆரம்பித்தார்:
"கால்சட்டையைக் கழற்றினால்தான்
காசோலை நீட்டுகிறார்கள் நம் ஆண்களுக்கு.
என் அப்பனை அறுபது வயதிலும்
'ஏ பையா' என்றுதான் கூப்பிட்டார்கள்.
ஆம்பளை என்று ஒப்புக்கொள்ளவே இல்லை.
இவன் தானே போய்ப் பாவாடை கட்டிக்கொள்கிறான்."

"சும்மா சிரிப்புக்குத்தானே" என்றான் டெரியன்,
பீட்சாக் கடைச் சீருடையைச் சோப்பில் அமுக்கியபடி.
"வெள்ளைக்காரன் கவுன் போட்டால்
அவன் இனத்துக்கா கெட்ட பேர்?"

"அவர்களில் ஒருவன் விழுந்தால் ஒருவன்தான்.
நம்மில் ஒருவன் விழுந்தால் தெருவே விழும்.
மானம் கப்பலேறுதுடா!"

கப்பல்.
சொன்ன பிறகு அவருக்கே
தொண்டையில் நின்றது அந்தச் சொல்.
நாங்கள் கப்பலேறி நாளாயிற்று.
மானம் அன்று எந்தத் தட்டில் கிடந்ததென்று
கணக்கெழுதியவன் எழுதவில்லை.

நான் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு பேரும் ஆணின் மானத்தையே
இழுத்துக்கொண்டிருந்தார்கள், இந்தப் பக்கம் அந்தப் பக்கம்.
திரையில் ஆடும் அந்த நடை என்னுடையது.
இருபத்திரண்டு வருடம்
படுத்த நோயாளிகளைத் தூக்கித் தூக்கி
இடது முழங்கால் தேய்ந்து வந்த நடை.
ஓடும் பஸ்ஸை நிறுத்துகிற அந்தக் குரலும்தான்.
அவன் இடுப்பில் வைத்திருப்பது வெறும் பஞ்சு.
மிசிசிப்பியில் எங்கள் ஆட்கள் விரல் கிழியப் பறித்தது
சுற்றிச் சுற்றி
எங்கே வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

மறைப்பானேன், நானும் சிரித்தேன்.
காலாவதியான கூப்பனை ஆட்டி ஆட்டி
அவன் கடைக்காரனை அழவைத்தபோது
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.
போன செவ்வாய் அதே மாதிரிக் கூப்பனோடு
நானும் வரிசையில் நின்றேன்.
அன்று அழுதது கடைக்காரன் இல்லை.

கதவு திறந்தது. ஜவோரி.
பத்தொன்பது வயசுப் பிள்ளை,
மூன்றாம் தெரு பிளம்பர் வீடு.
கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே
மஞ்சள் கவுன் ஒன்று, ஒல்லியான அளவு,
அந்தத் தோளுக்கென்றே தைத்தது.
அதற்குள் பஞ்சு இல்லை.
அதைக் கட்டிக்கொண்டு நடந்ததற்கு
யாரும் காசோலை நீட்டியதில்லை.
கீழுதட்டில் தையல் மூன்று, இன்னும் பிரிக்கவில்லை.

டிவி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.
டெரியன் சோப்பு டப்பாவின் எழுத்துகளை வாசித்தான்.
கிளியோட்டிஸ் வாயைத் திறந்தார்.
எனக்கு உள்ளே ஏதோ இறுகிற்று.

"அந்தப் பதினாலில் போட்டுவிடாதே,
காசைத் தின்றுவிடும்" என்றார்.
கடைசியில் ஒரு 'ப்பா' வரவேண்டும், இல்லை ஒரு 'ம்மா'.
இரண்டையும் மென்று விழுங்கிவிட்டு
தன் சட்டைக்கே திரும்பினார்.

நான் எட்டிப்போய்
சத்தத்தைக் குறைத்தேன்.