ஏழாம் வரிசை

நவம்பரில், முதல் பனி இறங்குமுன்
வேரை அறுத்து, அறுத்த இடத்திலேயே
படுக்க வைத்தோம் முட்டைக்கோஸை.
தோளோடு தோள் ஒட்டி
பன்னிரண்டு வரிசை.
தலைமாட்டில் ஒரு மூங்கில், கால்மாட்டில் ஒன்று,
நுனியில் சிவப்புத் துணி.
அப்புறம் வானம் போர்த்திவிட்டது.

இப்போது பிப்ரவரி.
ஹொக்கைடோவில் விடிகாலை மைனஸ் பதினெட்டு.
டீசலே கூழாகி நிற்கும் குளிர்.
எஞ்சினுக்கடியில் தட்டில் கரிமூட்டி
அது மனம் மாறட்டும் என்று
அரைமணி நேரம் குந்தியிருந்தேன்.
கென்சோ பார்த்திருந்தால் கத்தியிருப்பார்.
விறகு பிளக்கப் போய் இடுப்பு பிடித்து
அடுப்போரம் குப்புறக் கிடக்கிறார் அவர்.
ஆகவே இந்த வருஷம்
இயந்திரம் என் கையில்,
பனிவாரி ஹான் கையில்.

ஹான் வியட்நாம்காரி. வந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.
"எங்கள் ஊரில் மூன்று மாதத்தில் கோஸ் விளைந்துவிடும்.
நீங்கள் விளைந்ததைப் புதைத்துவிட்டு
இன்னும் மூன்று மாதம் காத்திருக்கிறீர்கள்"
என்று சிரித்தாள் வந்த புதிதில்.
பதில் சொல்லத் தெரியவில்லை.
ஒன்றை வெட்டித் தின்னக் கொடுத்தேன்.

ஆறு வரிசை எடுத்தாயிற்று.
ஏழாவதற்கு மூங்கில் இல்லை.
தலைமாட்டிலும் இல்லை, கால்மாட்டிலும் இல்லை.
போன வாரப் பனிப்புயல்
துணியோடு பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.
ஆளுயரப் பனி,
மேலே ஒரு சுருக்கமும் கிடையாது.
தோராயமாக வாளியை இறக்கலாம்தான்.
முழங்கால் அளவு மிச்சம் வைத்து நிறுத்தத் தெரிந்தால்
பிறகு கையால் தோண்டலாம்.
ஒரு சாண் கூடுதலாக இறங்கினால்
இரும்புப் பல்லில் இருபது தலை.

கென்சோவுக்குப் போன் போட்டேன்.
"பிர்ச் மரத்திலிருந்து நாற்பது எட்டு வை."
எந்த பிர்ச்?
"வடக்கு மூலையில் நிற்குமே, அது."
அது செப்டம்பர் காற்றில் விழுந்தாயிற்று.
நீங்கள் பிளக்கப் போனதே அந்த மரத்தைத்தான்.
போனில் கொஞ்ச நேரம்
அடுப்பு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

ஹான்தான் கூப்பிட்டாள்.
காட்டோரம் ஒரு பள்ளம்.
விளிம்பில் பழுப்பு மயிர், உறைந்த புழுக்கை,
அடியில் கிழிந்த பச்சை.
மான்.
உள்ளே குடைந்து தின்றுவிட்டு
ஓட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது மூன்று கோஸில்.
வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன்.
அவள் காதில் வாங்கவில்லை.
பத்தடி தள்ளி இன்னொரு பள்ளம் காட்டினாள்,
அதற்கப்பால் சின்னதாய் ஒன்று.
கையுறைக் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி
மூன்றையும் சேர்த்துப் பார்த்தாள்.
நூல் பிடித்த மாதிரி நேர்.

அந்த நேரிலேயே இறக்கினேன் வாளியை,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அவள் கை தூக்கியதும் நிறுத்தினேன்.
மீதியைக் கையால் வாரினோம்.
முதல் கோஸ் வந்தது:
மேலிலை நனைந்த காகிதம்,
இரண்டு உரித்தால் வெளிர்பச்சை, முறுக்கென்று.
கடித்தால் பல் கூசுகிறது,
பின்னாலேயே இனிப்பு வருகிறது.
உறைந்து போகாமலிருக்க
தன்னைத்தானே இனிப்பாக்கிக்கொள்ளுமாம்.
பயத்தின் ருசி என்று யாரோ சொன்னார்கள்.
விற்கிறவள் நான், அப்படிச் சொல்ல மாட்டேன்.

நாலு மணிக்கு இவாபுச்சியின் லாரி.
முன்னூற்று முப்பதில் இருநூற்று எண்பத்தொன்பது ஏறின.
மிச்சத்தை ஹான் கணக்கில் எழுதினாள்.
மான்: நாற்பத்தொன்று.
நஷ்டப் பத்தியிலா, கூலிப் பத்தியிலா
என்று பேனாவோடு என்னைப் பார்த்தாள்.
எதிலாவது எழுது, கை விறைக்கிறது என்றேன்.

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" கென்சோ, குப்புறக் கிடந்தபடி.
விசாரித்தோம் என்றேன்.
"யாரை?"
அக்கம்பக்கத்தில்தான்.

எட்டாம் வரிசைக்கு இரண்டு மூங்கிலும் இருக்கின்றன.
இருந்தும் மறுநாள் காலை
துணியை ஏறெடுத்தும் பார்க்காமல்
ஹான் காட்டோரமாய்க் குனிந்து நடந்துகொண்டிருந்தாள்.
நான் கரி மூட்டிக்கொண்டிருந்தேன்.