பருப்பின் மேல் பழி

மோல்மீன் மார்க்கெட் முனையில்
பேஜோ என்று கேட்டாலும் பருப்பு வடை என்று கேட்டாலும்
ஒரே சட்டியிலிருந்துதான் அள்ளித் தருகிறேன்.
பதினெட்டு வருஷம்.
எவன் வயிறு ஊதினாலும்
முதலில் என் அடுப்பைத்தான் பார்ப்பான்.

அன்று ராத்திரி அவர் பாயில் புரண்டபோது
நானும் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஆறு வடை. நான்தான் எண்ணி வைத்தேன்.

கரன்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஓமம் வறுத்துக் கொதிக்கவைத்தேன்.
பக்கத்து வீட்டு டோ கின் மியா டார்ச்சோடு வந்து
எட்டிப் பார்த்து, "லே" என்றாள். காற்று.
எங்களுக்கு வாயு, அவளுக்கு லே.
இரண்டு பாஷையிலும் குற்றவாளி நானே.

ஆனால் வாயுவை எனக்குத் தெரியும்.
அது ஊர்சுற்றி.
தொப்புளில் முட்டும், விலாவில் குத்தும்,
நெஞ்சுக்கு ஏறி மிரட்டும்,
குப்புறப் படுத்தால் இடம் மாறும்,
நாலு நடை நடந்தால்
ஓர் ஏப்பத்தில் சமாதானம் பேசிவிட்டுப் போகும்.

இது நகரவில்லை.
இடது முதுகில், கடைசி விலா எலும்புக்குக் கீழே
குடியேறியது.
அங்கே உட்கார்ந்தபடியே ஒரு கயிறு விட்டு
அடிவயிற்றைச் சுற்றித் தொடை இடுக்கு வரை இழுத்தது.
பத்து நிமிஷம் தளர்த்தியது.
"போயிருச்சு, ஒன் ஓமத்துக்கு" என்று சிரித்தார்கூட.
சிரிப்பு முடியும் முன்னே முறுக்கியது.
உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் நெற்றியை முட்டினார்,
பிள்ளை மாதிரித் தவழ்ந்தார்,
எந்தப் பக்கமும் படுக்கவிடவில்லை.
ஏப்பம் வந்தது.
வந்து என்ன.
பின்னாலேயே வாந்தி வந்தது.

வயிற்றை அமுக்கிப் பார்த்தேன்,
ஊறிய மாவு மாதிரி மெத்தென்று இருந்தது.
"இங்கயா?" "இல்ல."
வடை தட்டும் கையால் முதுகில் லேசாகத் தட்டினேன்.
அலறியதில் தெரு நாய் எழுந்து குரைத்தது.

பேசினில் இருந்த மூத்திரத்தில்
கின் மியா டார்ச் அடித்தாள்.
வெற்றிலை போட்டுத் துப்பிய தண்ணீர் நிறம்.
அதற்குப் பிறகு அவள் லே என்று சொல்லவில்லை.

நாலு மணி வரை ஊரடங்கு.
இரண்டரையிலிருந்து நாலு வரை
எத்தனை நிமிஷம் என்று
என்னிடம் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் அவர் கோ ஜோ வின்.
வீட்டில் அடைக்கலம்.
இரண்டு பெயரில் எது கூப்பிட்டும் அவரால் திரும்ப முடியவில்லை.
ஊசி போட்டு, படம் எடுத்து,
சின்ன வயசு டாக்டரம்மா கேட்டாள்:
ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர்?
அவர் விட்டத்தைப் பார்த்தார்.
நான் சொன்னேன்.
ரங்கூன் போகிற வழியில் ஏழு கேட்.
தண்ணீர் குடித்தால் லாரி நிற்கும்,
லாரி நின்றால் கை நீளும்.
அவள் பேனாவை மூடி வைத்துக்கொண்டாள்.

பிறகு படத்தைக் காட்டி, ஜௌக்கப் என்றாள்.
ஜௌ என்றால் கல்.
இவர்கள் பாஷையில் அந்த உறுப்பின் பேரிலேயே
கல் கிடக்கிறது.
நமக்கோ சிறுநீரகம், பேரிலேயே நீர்.
இந்த மனுஷன் நம் பேரில் உள்ளதைக் குடிக்காமல்
அவர்கள் பேரில் உள்ளதைச் சம்பாதித்துக்கொண்டார்.

"அப்ப வடையில்ல?" என்றேன்.
டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.
எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

தண்ணீர் குடி, தினமும் குடி,
வடிகட்டியில் பிடித்துக் கொண்டு வா,
காய்ச்சல் நடுக்கம் வந்தால் அந்த நிமிஷமே வா.

மூன்றாம் நாள் விடியலில்
நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன்.
கொல்லையிலிருந்து டீ வடிகட்டியோடு வந்து
உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார்.
மஞ்சளாய், முனை கூராய்,
உடைத்த கடலைப்பருப்பில் பாதி.

"பாத்தியா" என்றார்,
"பருப்புதான்டி."