வாய் போன இடம்

ஜும்பேர் அதை அடித்தது
பழைய ராணுவ லாரியின் வில்பட்டையில்.
சரளை சுமந்து மலை ஏறி இறங்கிய பட்டை.
"வளையும், ஆனால் முதுகு உடையாது" என்றான்
என்னைப் பார்த்துக்கொண்டே.
கத்தியைத்தான் சொன்னான் என்று எடுத்துக்கொண்டேன்.

சூரியகாந்தி எண்ணெயில் அவன் அதை முக்கியபோது
பட்டறை முழுக்கப் பலகாரம் பொரிக்கும் வாசனை.
பசித்தது.
பிறகு இளஞ்சூட்டில் வாட்டினான்.
வாய் ஓரத்தில் வைக்கோல் நிறம் ஏறியதும்
சட்டென்று எடுத்துவிட்டான்.
நீலம் வரை விட்டால்
ஒன்றுக்கும் பயப்படாத மழுங்கலாகிவிடுமாம்.

பருந்து மூக்கு போல நுனி,
பிளம் மரப் பிடி,
ஒன்றேகால் கிலோ.
எங்கள் மெக்ரேலியச் சரிவில் இதற்குச் சால்தி என்று பெயர்.
ஹேசல் புதரில் பக்கக் கன்று கழிக்க,
கொடிக்குக் கழி சீவ,
என் பட்டறையில் முக்காலிக் கால்களை
உளிக்கு முன் முரட்டாகச் செதுக்க.

எவர்சில்வர் எதையும் ஒப்புக்கொள்ளாது.
இது எல்லாவற்றையும் சொல்லிவிடும்:
பச்சை அக்ரூட் தோலை வெட்டினால் கருநீலம்,
துடைக்காமல் ஒரு மழை இரவு விட்டால்
காலையில் நரி நிறம்.

முர்தாஸும் நானும் பேசிப் பதினோரு வருஷம்.
ஒரு சாண் நிலம்.
எல்லை அகாசியாவில் முள்கம்பி இருந்தது.
"நேற்று இரவு அடித்தாள்" என்றான் அவன்.
"உன் அப்பா காலத்து வேலி" என்றேன் நான்.
சர்வேயர் மூன்று முறை வந்தார்,
மூன்று முறையும் என் ஒயினைக் குடித்தார்,
கல்லை எனக்குச் சாதகமாக நட்டார்.

ஆனால் சால்தி என் வெட்டுக்கட்டையில்,
கட்டை வேலி இடுக்குக்குப் பக்கத்தில்.
இலையுதிர் காலத்தில் விடியும்போது இருக்காது,
பொழுது சாயும்போது இருக்கும்.
நான் பூசுவது சூரியகாந்தி;
திரும்பி வருவது அக்ரூட் எண்ணெய் மணத்தோடு.
ஒருமுறை தீட்டியும் வைத்திருந்தான்,
என்னைவிட நன்றாக.
அன்று முழுக்க எரிச்சலாக இருந்தது.

இந்த நவம்பர்ப் புயலில்
அகாசியா விழுந்தது.
வேர் என் பக்கம், தலை அவன் பக்கம்,
நடுமரம் யாருக்கென்று அதுவே படுத்துக் கிடந்தது.
மறுநாள் சால்தியைக் காணோம்.
சாயங்காலம் கட்டையில்
எண்ணெய் இல்லாமல்.
வாயில் ஒரு பல் போயிருந்தது,
அரிசி அளவு.

பக்கத்தில் பிளந்த ஒரு துண்டு மரம்.
அதன் வயிற்றில் ஓர் ஆணி,
துருவாகிப்போன கம்பியின் ஒரு சுருள்.
சதுரத் தலை ஆணி.
ரயில்வே கிடங்கில் எடைக்கு வாங்கிய சரக்கு;
இந்தச் சரிவில்
என் டப்பாவைத் தவிர வேறெங்கும் கிடையாது.
ஆணியிலிருந்து மரப்பட்டை வரை
வளையத்துக்கு ஒன்றாக
பென்சில் புள்ளி வைத்திருந்தான்.

எண்ணினேன்.
திரும்பவும் எண்ணினேன்.
பதினொன்று.

கத்தவில்லை. கதவைத் தட்டவில்லை.
அவன் வீட்டுப் புகைபோக்கி
வழக்கம்போலப் புகைந்தது.

அரத்தை எடுத்தேன்.
ஒரு பல்லுக்காக
முழு வாயையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும்;
இரண்டு வருஷ எஃகு தூளாகக் கொட்டும்.
அந்தச் சத்தம் அவன் வீடு வரை கேட்கும்.
அரத்தை வைத்துவிட்டேன்.

இப்போது எதை வெட்டினாலும்
வெட்டிய முகத்தில் ஒரு மெல்லிய கோடு
எழுந்து நிற்கிறது,
விரல் வைத்தால் தடுக்கும்.
முப்பத்திரண்டு கழிகள் சீவினேன், அத்தனையிலும் கோடு.
ஞாயிற்றுக்கிழமை, நனைந்த மண்ணில்,
சர்வேயர் கல்லிலிருந்து ஒரு சாண் பின்னால்,
என் பக்கமாகத் தள்ளி,
அவற்றை வரிசையாக அடித்தேன்.
நாய் மட்டும் பார்த்தது.

சால்தியைத் துடைத்து,
கடையில் வாங்கிய அக்ரூட் எண்ணெய் பூசி
(விலை அநியாயம்)
கட்டையில் கொத்தி நிறுத்தினேன்.

திங்கள் இருந்தது.
செவ்வாய் மழை; தகரம் மூடி வைத்தேன்.
இன்று காலை
தகரம் மட்டும் கட்டை மேல்,
பறக்காமலிருக்க ஒரு கல் வைத்து.