உறை

தவிடு புளிக்கப் போட்ட ஜாடி
கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நூல்விட்டது.
கரண்டியில் அள்ளினால் ஒழுகவில்லை, தொங்கியது.
மூக்கருகே கொண்டுபோனேன்,
அப்படியே கழிவறையில் கொட்டினேன்.

பிரயீலா கடைகளில் போர்ஷ் பாட்டிலிலும் வருகிறது.
ரெமூஸுக்கு அது ஆகாது.
எலுமிச்சை உப்பைக் கரைத்து ஏமாற்றுகிறார்களாம்.
வாங்கி ஊற்றிவிட்டுச் சொல்லாமல் இருக்கலாம்.
ஒருமுறை இருந்தேன்.
முதல் வாயிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

எங்கள் குடியிருப்பில்
இன்னும் தவிட்டைப் புளிக்கவைப்பவர்கள் இருவர்.
ஒருத்தி நான்.
மற்றவள் எனக்கு நேர் கீழே, மூன்றாம் மாடி,
வெத்தூரியா அக்ஸிந்தே.
எங்கள் குழாய் வெடித்து
அவள் சமையலறை விளக்குக் கூடு
மீனில்லாத மீன்தொட்டி ஆன நாளிலிருந்து,
இரண்டு வருடமாக,
லிஃப்டில் அவள் பொத்தான்களைப் பார்ப்பாள்
நான் என் பூட்ஸைப் பார்ப்பேன்.

போய்க் கேட்டேன்.
"உறை இருக்குமா, ஒரு கை?"
சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்திருந்த கதவு
மூடிக்கொண்டது.
திரும்பி நடக்கலாமா என்றிருந்தபோது
மறுபடி திறந்தது.
கண்ணாடிக் குவளையில் ஈரத் தவிடு.
குவளையைச் சுற்றி ரப்பர் வளையம்,
வளையத்துக்குள் மடித்த ரசீது:
கூரைக்கு வெள்ளையடித்த வகையில்
நானூற்றுப் பன்னிரண்டு லெய்.
மடிப்பெல்லாம் நைந்து கிழியும் பதத்தில் இருந்தது.
எத்தனை முறை பிரித்துப் பார்த்தாளோ.

மக்காச்சோள மாவு, கோதுமைத் தவிடு, வெந்நீர்.
கை பொறுக்கும் சூடு வந்ததும் அவள் உறை.
செர்ரிக் குச்சி ஒன்று.
ஹீட்டர் ஓரம், துணி போர்த்தி.
வெளியே டான்யூப் உறைந்துகொண்டிருந்தது,
துறைமுகத்தில் பனித்தட்டுகள் உரசும் சத்தம்.
உள்ளே ஜாடி
மூன்று இரவு தனக்குள் முணுமுணுத்தது.

புத்தாண்டு காலை.
ரெமூஸும் அவன் துறைமுகக் கூட்டாளிகளும்
கிரேன் இறக்கிவிட்டு மறந்துபோன மூட்டைகளாய்க்
கூடத்தில் கிடந்தார்கள்.
பிளம் சாராயம்
ஒவ்வொரு தலைக்குள்ளும் ஆணி அடித்துக்கொண்டிருந்தது.
அதைப் பிடுங்கக் கோழியின் உள்ளுறுப்பு வேண்டும்:
இரைப்பை முதலில், அது பிடிவாதக்காரி.
பிறகு கழுத்து, இறக்கை, இதயம்.
ஈரல் கடைசியில்.
நுரை வர வர எடுத்தேன்.
கேரட், செலரிக் கிழங்கு, பார்ஸ்லி வேர்,
அரைப் பிடி அரிசி.

காய் வெந்த பிறகுதான் புளிப்பு.
அவசரப்பட்டு முன்னால் விட்டால்
மதியம்வரை எரித்தாலும்
கேரட் கல்லாகவே நிற்கும்.
போர்ஷைத் தனியே கொதிக்கவிட்டு
மெல்லச் சாய்த்தேன்.
அடுப்பை அணைத்துவிட்டு
லெவுஷ்தியான் இலை, கை நிறைய.
ஆவி எழுந்தது.
கூடத்தில் ஒரு மூட்டை கண் திறந்தது.

முதல் கிண்ணம் அவர்களுக்கில்லை.
மூன்றாம் மாடி வாசலில் வைத்தேன்,
தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே
நான்கு நூறும் ஓர் இருபதும்.
மணியை அழுத்திவிட்டு
இரண்டிரண்டு படியாக ஏறி ஓடிவந்தேன்,
ஐம்பத்து மூன்று வயதில்.

இருட்டும்போது
எங்கள் மிதியடிமேல் கழுவிய கிண்ணம்.
உள்ளே மீதிச் சில்லறை, எட்டு லெய்,
எண்ணி வைத்தது.
கூடவே ரசீதின் பின்பக்கத்தில்
பென்சிலால் இரண்டே சொல்:
உப்புக் குறைவு.

பானையின் அடியில் மிச்சமிருந்ததை
நக்கிப் பார்த்தேன்.
குறைவுதான்.